முனை பொருந்தும், அலை பொருந்துமா?

மூன்று கறுப்புக் கேபிள்களை எடுத்துக்கொள்வோம். மூன்றின் நுனியிலும் ஒரே பிஎன்சி இணைப்பி, அதாவது சொருகிக் கால் சுற்று திருகினால் பூட்டிக்கொள்ளும் அந்த வெள்ளி நிற உருளை. உறையில் அச்சிட்ட எழுத்தை உற்றுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஒன்றில் ஆர்ஜி-58, இன்னொன்றில் ஆர்ஜி-59, மூன்றாவதில் ஆர்ஜி-62. 1980-களின் கடைசியில் வந்த ஒரு பிசியின் பின்புறத்தில் இருக்கும் பிஎன்சி வாயில் மூன்றும் சொருகும், மூன்றும் பூட்டும். ஆனால் அந்தக் கணினியின் ஈதர்நெட் அட்டைக்கு உரியது முதலாவது மட்டுமே. இரண்டாவது வீடியோவுக்கானது. மூன்றாவது ஐபிஎம் பெருங்கணினிகளின் முனையங்களுக்கும் ஆர்க்நெட் வலைக்கும் ஆனது.

பழைய கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். முனை பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள், பொருந்தினால் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இணைப்பியை வடிவமைத்தவர் ஒருவர், கேபிளைத் தயாரித்தவர் இன்னொருவர், வலையை உருவாக்கியவர் மூன்றாமவர். சந்தையில் மலிவாகவும் உறுதியாகவும் கிடைத்த முனையை அவரவர் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிஎன்சி இணைப்பியே ரேடியோக் கருவிகளுக்காக வந்ததுதான். பெல் ஆய்வகத்தின் பால் நீல், ஆம்ஃபினால் நிறுவனத்தின் கார்ல் கான்செல்மன் ஆகிய இருவரின் பெயர்களும் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே முனையின் உருவத்தை வைத்து உள்ளே ஓடும் அலையைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது.

அலை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கம்பியில் மின்சாரம் ‘ஓடுகிறது’ என்று பள்ளியில் படித்தோம். டார்ச் விளக்குக்கு அந்தப் பாடம் போதும். நொடிக்கு ஒரு கோடி பிட்டுகளை அனுப்பும்போது போதாது. 10 மெகாபிட் ஈதர்நெட்டில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 100 நானோ நொடி. ஆர்ஜி-58 கேபிளுக்குள் அலை ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில், அதாவது நானோ நொடிக்கு 20 செ.மீ. அளவில், போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு பிட் கேபிளுக்குள் 20 மீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. மெல்லிய ஈதர்நெட்டில் ஒரு துண்டத்துக்கு அனுமதித்த உச்ச நீளம் 185 மீட்டர். அந்த நீளத்தில் முதல் பிட் மறுமுனையைத் தொடுவதற்குள் அனுப்பும் கணினி ஒன்பது பிட்டுகளை வெளியே தள்ளியிருக்கும்.

அப்படியானால் முதல் பிட் கிளம்பும் கணத்தில் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது அனுப்பும் கணினிக்குத் தெரியவே தெரியாது. அங்கே கணினி இருக்கலாம், வெறும் காற்று இருக்கலாம். அந்தக் கணத்தில் அதன் கண்ணுக்குத் தெரிவது கேபிள் மட்டுமே. அந்தக் கேபிளில் ஓடும் அலைக்கு மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் ஒரு நிலையான விகிதம் உண்டு. அதைத்தான் கேபிளின் இம்பீடன்ஸ் என்கிறோம். நடுக்கம்பியின் பருமன், அதைச் சூழ்ந்த பின்னலின் விட்டம், இடையில் நிரப்பிய பிளாஸ்டிக் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நீளத்துக்கு அதில் பங்கில்லை. ஒரு மீட்டர் ஆர்ஜி-58-க்கும் 50 ஓம், 100 மீட்டர் ஆர்ஜி-58-க்கும் 50 ஓம். மல்டிமீட்டரை வைத்து நடுக்கம்பியின் இரு நுனிகளையும் அளந்தால் இந்த 50 ஓம் கிடைக்காது. மீட்டர் அளப்பது செம்பின் தடையை. இது அலை சந்திக்கும் தடை.

வாய்க்காலில் கிளம்பும் அலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் ஒரே அகலத்தில் போகும்வரை அலையும் அமைதியாகப் போகும். திடீரென்று அகலம் மாறும் இடத்தில் அதன் ஒரு பகுதி திரும்பி வரும். மடை மூடியிருந்தால் முழு அலையும் திரும்பும். கேபிளிலும் இதுவேதான் நடக்கிறது. 50 ஓம் கேபிளை 75 ஓம் கேபிளோடு இணைத்தால், இரண்டின் வித்தியாசமான 25-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 125-ஆல் வகுக்க வேண்டும். அலையின் மின்னழுத்தத்தில் 20 சதவீதம் அந்த இணைப்பிலேயே முட்டித் திரும்புகிறது. 93 ஓம் கேபிள் என்றால் 30 சதவீதம். நுனி எதோடும் இணையாமல் திறந்து கிடந்தால் நூறு சதவீதமும் திரும்பும். திரும்பிய அலை பின்னால் வரும் பிட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வாங்கும் கணினிக்கு எது புதிது, எது எதிரொலி என்று பிரித்தறிய வழியில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒருவர் வந்து, “சிசிடிவி கேபிள்தான் போட்டேன், நன்றாக ஓடுகிறதே” என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். ஒரு மீட்டர் 75 ஓம் கேபிளை நடுவில் நுழைத்தால், அதன் ஒரு நுனியில் கிளம்பும் எதிரலையும் மறு நுனியில் கிளம்பும் எதிரலையும் ஒன்றுக்கொன்று எதிர்க்குறி உடையவை. இரண்டுக்கும் இடைவெளி 10 நானோ நொடிதான். 100 நானோ நொடி நீளும் பிட்டுக்குள் அவை ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துவிடும். அதே கேபிளை 40 மீட்டருக்கு இழுத்தால் அழிக்காது. பிஎன்சி இணைப்பியிலேயே 50 ஓம், 75 ஓம் என்று இரண்டு வகை உண்டு. ஈதர்நெட் வேகத்தில் இந்த வேறுபாட்டுக்காகத் தூக்கம் கெடத் தேவையில்லை, ஏனென்றால் இணைப்பியின் நீளம் சில செ.மீ. மட்டுமே. கேபிள் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது.

ஆர்ஜி-58-க்கு 50 ஓம், ஆர்ஜி-59-க்கு 75, ஆர்ஜி-62-க்கு 93. ஏன் மூன்று எண்கள்? எல்லாரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டிருக்கலாமே? நடுக்கம்பியைப் பின்னல் சூழ்ந்த இந்தக் கோஆக்சியல் கேபிளுக்கு 1880-லேயே இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைட் காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு அதை வேலைக்கு எடுத்தவர்கள் ஆளுக்கொரு தேவையோடு வந்தார்கள். உள்ளே காற்று மட்டும் இருக்கும் கேபிளில் அதிக ஆற்றலைத் தாங்கும் வடிவம் 30 ஓம் அருகே அமைகிறது. இழப்பு மிகக் குறைவாக இருக்கும் வடிவம் 77 ஓம் அருகே. அலைபரப்பி வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் வேண்டும், நடுவில் 50-ல் நின்றார்கள். வீடியோக்காரர்களுக்குப் பெரிய ஆற்றல் வேண்டாம், இழப்பு குறைந்தால் போதும். அவர்கள் 75-க்குப் போனார்கள். ஆர்ஜி-62-இன் உள்ளே பிளாஸ்டிக்கை முழுதாக நிரப்பாமல் காற்றிடம் விட்டிருப்பார்கள். அதனால் மின்தேக்குத்திறன் குறையும், அலையும் ஒளியின் வேகத்தில் 84 சதவீதம் வரை விரைந்து போகும். 1971-இல் வந்த ஐபிஎம் 3270 முனையங்கள் அந்த 93 ஓம் கேபிளைத்தான் எடுத்துக்கொண்டன. அமெரிக்க அலுவலகங்களின் சுவர்களுக்குள் அது கிலோமீட்டர் கணக்கில் ஓடியது. 1977-இல் டெக்சாஸின் டேட்டாபாயின்ட் நிறுவனம் ஆர்க்நெட்டைக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே சுவருக்குள் கிடந்த அந்தக் கேபிளையே பயன்படுத்திக்கொண்டது. பொறியியல் காரணம் பாதி, சுவரை உடைக்க யாருக்கும் மனமில்லாதது மீதி.

கையில் எடுத்தால் ஆர்ஜி-58 சுமார் 5 மி.மீ. தடிமன். மற்ற இரண்டும் 6 மி.மீ.-க்குச் சற்று மேல். அதனால் 58-ஐ மற்றவற்றிலிருந்து விரலாலேயே பிரித்துவிடலாம், 59-ஐயும் 62-ஐயும் பிரிக்க முடியாது. உறையில் எழுத்து அழிந்துபோயிருந்தால் அந்தக் கேபிளை வலைக்கு எடுக்காதீர்கள் என்பதே என் கட்சி. சென்னை ரிச்சி தெருவிலோ வேறெந்த எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவிலோ ‘பிஎன்சி கேபிள்’ என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் கண்காணிப்புக் கேமராவுக்கான 75 ஓம் கேபிளைத்தான் எடுத்துத் தருவார்கள். கடைக்காரர் மேல் குற்றமில்லை. இன்று பிஎன்சி கேட்டு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கேமரா பொருத்துகிறவர்கள். எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஹாம் ரேடியோக்காரர்களும் ஆய்வகங்களில் ஆசிலாஸ்கோப் வைத்திருப்பவர்களும் 50 ஓம் ஆர்ஜி-58-ஐ இன்னும் வாங்குகிறார்கள். ஆகவே அது அழிந்துபோன சரக்கு இல்லை.

ஈதர்நெட்டின் முதல் கேபிள் இவை எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாப் மெட்கால்ஃப் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில் அந்த வலையின் கரு இருக்கிறது. டேவிட் பாக்ஸோடு சேர்ந்து அவர் கட்டிய முதல் வலை நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடியது. 1980-இல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் வரையறையை வெளியிட்டன. 1983-இல் அது ஐட்ரிபிள்இ தரமாயிற்று. அந்தத் தரத்தின் கேபிள் விரல் தடிமன் கொண்டது, பெரும்பாலும் மஞ்சள் உறை போட்டது, ஒரு துண்டம் 500 மீட்டர் வரை போகலாம். கணினியை அதில் சேர்க்க வேண்டுமென்றால் கேபிளை வெட்டுவதில்லை. ஒரு கவ்வியை மாட்டி, துளை போட்டு, ஊசி ஒன்றை நடுக்கம்பிவரை இறக்குவார்கள். அந்தக் கவ்விக்கு ‘ரத்தக் காட்டேரி’ என்று பட்டப்பெயர் வந்ததில் வியப்பில்லை.

அந்த மஞ்சள் உறையில் 2.5 மீட்டருக்கு ஒரு கோடு அச்சிட்டிருக்கும். கவ்விகளை அந்தக் கோடுகளில்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு கவ்வியும் ஒரு சிறு எதிரலையை எழுப்பும். அவை எல்லாம் ஒரே தாளத்தில் சேர்ந்தால் பெரிய எதிரலையாகிவிடும். தாளம் சேராதபடி பார்த்துத் தேர்ந்த தூரம்தான் அந்த 2.5 மீட்டர். கேபிளின் மேலுறையில் அலை இயற்பியலை அச்சிட்டு விற்றதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கவ்வியோடு, அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் ஒரு டிரான்சீவர் பெட்டி இருக்கும். அதிலிருந்து கணினிக்கு 15 ஊசி கொண்ட ஏயூஐ கேபிள் இறங்கும். இதன் நீளம் 50 மீட்டர் வரை போகலாம். வாக்ஸ் கணினிகளிலும் பழைய சன் கணினிகளிலும் காணும் அந்த 15 ஊசி வாய் இன்று ஒரு வரம். அதில் மாட்டும் சிறிய டிரான்சீவரை மாற்றினால் அதே கணினி தடித்த கேபிளிலும், மெல்லிய கேபிளிலும், முறுக்குக் கம்பியிலும் பேசும். இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். ஏயூஐ முனையைப் பூட்டுவது திருகாணி இல்லை, வழுக்கும் தகடு. அது தளர்ந்தால் முனை சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிடும், பிழையை மணிக்கணக்கில் மென்பொருளில் தேடிக்கொண்டிருப்பீர்கள். அடுத்தது, டிரான்சீவரில் எஸ்கியூஇ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் கணினியோடு இணைக்கும்போது அது இயங்கும் நிலையில் இருக்கலாம், துண்டங்களைச் சேர்க்கும் ரிப்பீட்டரோடு இணைக்கும்போது கட்டாயம் அணைக்க வேண்டும். 1991-இன் குவாட்ரா தொடங்கி ஆப்பிள் தன் மெக்கின்டாஷ்களில் இதையே 14 ஊசி கொண்ட வேறு வடிவத்தில், 12 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட்டோடு வைத்தது. அதற்குத் தனி டிரான்சீவர் தேட வேண்டும்.

வீட்டு மேசையில் பழைய பிசிகளை இணைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது 1985-இல் தரமான மெல்லிய ஈதர்நெட், அதாவது 10 பேஸ் 2. ஆர்ஜி-58 கேபிள், கணினிக்கு ஒரு டி (T) கனெக்டர், இரு கோடிகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர். ஹப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு துண்டத்தில் 30 இணைப்புகள் வரை சேர்க்கலாம், இரண்டு கணினிகளுக்கு நடுவே குறைந்தது அரை மீட்டர் கேபிள் இருக்க வேண்டும். டி கனெக்டர் அட்டையின் வாயிலேயே நேராக உட்கார வேண்டும். “மேசைக்குப் பின்னால் கை எட்டவில்லை, டி-க்கும் கணினிக்கும் இடையில் ஒரு மீட்டர் கேபிள் போட்டுக்கொள்கிறேன்” என்றால் அது கிளை வாய்க்கால் வெட்டிய கதை. அந்தக் கிளையின் நுனியில் டெர்மினேட்டர் இல்லை, அலை அங்கே போய் முட்டித் திரும்பும்.

டெர்மினேட்டர் என்பது ஒரு பிஎன்சி மூடிக்குள் வைத்த 50 ஓம் தடைதான். அது அலையைக் கரைத்துவிடுகிறது. கேபிள் முடிவில்லாமல் நீள்வதாக அலைக்குத் தோன்றும். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பலர் கவனிக்காத இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. ஒரு கணினி அனுப்பும்போது அது கேபிளுக்குள் சராசரியாக ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. இரு கோடியிலும் உள்ள இரண்டு 50 ஓம் தடைகள் பக்க இணைப்பில் 25 ஓம். ஆகவே சராசரி மின்னழுத்தம் ஒரு வோல்ட் அளவில் இருக்கும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் மின்னோட்டம் இருமடங்காகி அது இரண்டு வோல்ட் அளவுக்கு எழும். அந்த எழுச்சியைக் கண்டதும் அட்டை ‘மோதல்’ என்று முடிவு செய்து, நிறுத்தி, சிறிது காத்திருந்து மீண்டும் முயலும்.

இப்போது ஒரு டெர்மினேட்டரை யாரோ கழற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 25 ஓம் 50 ஓம் ஆகிறது. ஒரே கணினி பேசினாலும் மின்னழுத்தம் இரண்டு வோல்ட். அட்டைக்கு அது மோதலாகத்தான் தெரியும். திரும்ப முயலும், மறுபடியும் மோதல். ஒரு மூலையில் ஒரு மூடி கழன்றதற்கு மொத்த அலுவலகமும் நின்றுபோனதன் காரணம் எதிரலை மட்டுமில்லை, இந்தக் கணக்கும்தான். அந்தக் காலக் கணினி நிர்வாகிகளுக்கு நாற்காலியை நகர்த்துகிறவரைக் கண்டால் அடிவயிறு கலங்கும்.

இதே கணக்கு நமக்கு ஒரு பத்து விநாடிச் சோதனையைத் தருகிறது. எல்லாக் கணினிகளையும் அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு டி கனெக்டரின் திறந்த வாயில் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 25 ஓம் அருகே காட்டினால் வலை நலம். நீண்ட கேபிளில் செம்பின் தடை சேர்ந்து சில ஓம் கூடும். 50 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, அல்லது கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. 37 அருகே காட்டினால் யாரோ வீடியோவுக்கான 75 ஓம் மூடிகள் இரண்டை மாட்டியிருக்கிறார்கள். 46 என்றால் அவை ஆர்க்நெட் மூடிகள். சுழியம் என்றால் ஏதோ ஓர் இணைப்பிக்குள் பின்னலின் ஒரு நூலிழை நடு ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கையால் கிரிம்ப் செய்த முனைகளில் இது அடிக்கடி நேரும்.

பின்னலை ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிலத்தோடு இணைக்கலாம், இரண்டு இடத்தில் கூடாது. இரு கணினிகளின் நில இணைப்புக்கிடையே சில வோல்ட் வேறுபாடு இருப்பது சகஜம். இரண்டு இடத்தில் இணைத்தால் அந்த வேறுபாட்டின் மின்னோட்டம் கேபிளின் பின்னல் வழியே ஓடும். இதைத் தவிர்க்கவே மெல்லிய ஈதர்நெட் அட்டைகளில் கேபிள் பக்கத்துச் சுற்றுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் ஒரு சிறு பெட்டி ஒட்டியிருக்கும். பிஎன்சி முனையின் உலோகம் இன்னொரு கணினியின் பெட்டி மேல் உரசாதபடி ஒரு ரப்பர் உறை போட்டுவிடுவது நல்லது.

1990-இல் முறுக்குக் கம்பி ஈதர்நெட் தரமாயிற்று. இரண்டு கம்பிகளை முறுக்கினால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும், வித்தியாசத்தை எடுக்கும்போது அடிபட்டுப்போகும். கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். இந்த ஈதர்நெட்டின் ஆர்ஜே-45 முனை இன்றும் அதே உருவத்தில் இருப்பதால், பழைய கணினியில் இந்த வாய் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனாலும் முனை இங்கேயும் ஏமாற்றும். 10 மெகாபிட் ஈதர்நெட் 1, 2 ஊசிகளை ஒரு ஜோடியாகவும் 3, 6 ஊசிகளை இன்னொரு ஜோடியாகவும் பயன்படுத்துகிறது. நடுவில் உள்ள 4, 5 தொலைபேசிக்கு என்று விட்டுவைத்த இடம். இது தெரியாமல் நிறங்களை ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்துக் கிரிம்ப் செய்தால், டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3-உம் 6-உம் வெவ்வேறு முறுக்குகளில் மாட்டியிருக்கும், முறுக்கியதன் பயன் போய்விடும். சிறு தூரத்தில் ஓடும், தூரம் கூடினால் தடுமாறும். விளக்கு எரிவது கம்பி அறுபடவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு பழைய கணினிகளை நேரடியாக இணைத்தால் அனுப்பும் ஜோடியும் வாங்கும் ஜோடியும் இடம் மாறிய கிராஸ்ஓவர் கேபிள் வேண்டும். நடுவில் இன்றைய சுவிட்ச் இருந்தால் அது தானே மாற்றிக்கொள்ளும். பழைய 10 மெகாபிட் அட்டைக்கு வேகம் பற்றிப் பேரம் பேசத் தெரியாது. சுவிட்ச் அதன் துடிப்பைக் கேட்டு 10 மெகாபிட், அரை இருவழி (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசுவது) என்று தானே இறங்கிவரும். யாராவது ஒரு பக்கம் மட்டும் முழு இருவழி என்று கட்டாயப்படுத்தினால் வலை ஓடும், ஆமை வேகத்தில்.

ஈதர்நெட்டுக்கு வெளியேயும் முனை ஏமாற்றும். ஆப்பிளின் லோக்கல்டாக் என்ற வலையில் வேகம் நொடிக்கு 230.4 கிலோபிட்தான். அதற்கு ஆப்பிள் விற்ற கேபிள் விலை அதிகம். ஃபாரலான் நிறுவனம் ஃபோன்நெட் என்று ஒன்றைக் கொண்டுவந்து, சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலேயே அதை ஓடவைத்தது. சுவரில் உள்ள தொலைபேசியைத் தொந்தரவு செய்யாமலிருக்க, நான்கு கம்பிகளில் வெளிப்புறத்து இரண்டை எடுத்துக்கொண்டது. இந்தச் சாமர்த்தியம்தான் இன்று கண்ணி. கடையில் கிடைக்கும் மலிவான தொலைபேசி வடங்கள் பலவற்றில் நடு இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். ஆர்ஜே-11 முனை ‘க்ளிக்’ என்று கச்சிதமாக உட்காரும், ஒரு பிட்கூடப் போகாது. முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நான்கு கம்பி தெரிகிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். தொலைபேசி வடத்தில் கம்பிகள் தலைகீழாக வந்தாலும் கவலையில்லை, லோக்கல்டாக்கின் குறியீட்டு முறைக்கு நேர், எதிர் வேறுபாடு கிடையாது. இரு கோடியிலும் 120 ஓம் தடை வேண்டும்.

ஆங்கில ‘D’ எழுத்தின் வடிவில் உள்ள முனைகளில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பிசியின் 15 ஊசி வாய் விளையாட்டுக் கட்டுப்பாட்டுக்கானதாகவும் இருக்கலாம், ஏயூஐ ஆகவும் இருக்கலாம். 9 ஊசி வாய் சீரியலாக இருக்கலாம், பழைய மானிட்டருக்கானதாக இருக்கலாம், ஐபிஎம் டோக்கன் ரிங்காகவும் இருக்கலாம். 25 ஊசிப் பெண் வாய் பிசியில் பிரிண்டருக்கானது, மெக்கின்டாஷில் ஸ்கசி வட்டுக்கானது. இவற்றை மாற்றிச் சொருகினால் சுற்றே எரிந்துபோகலாம். வாயின் பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்காமல், அட்டையின் பெயரைப் படிக்காமல் எதையும் சொருகாதீர்கள்.

ஈதர்நெட் அட்டையே இல்லாத கணினிக்குச் சீரியல் வாய் போதும். அதற்கு ‘நல் மோடம்’ கேபிள் வேண்டும். 2-ஆம் ஊசியும் 3-ஆம் ஊசியும் குறுக்கே மாறி, தரைக் கம்பி நேராக. கையில் உள்ள வாய் எந்த வகை என்று தெரியாவிட்டால், 9 ஊசி வாயில் 5-ஆம் ஊசியைத் தரையாக வைத்து 2-ஐயும் 3-ஐயும் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும் சீரியல் வாயில் அனுப்பும் கம்பி எதிர் மின்னழுத்தத்தில் நிற்கும். அது 3-இல் தெரிந்தால் கணினி வகை, 2-இல் தெரிந்தால் மோடம் வகை. ஒரே வகை இரண்டு எதிரெதிரே நின்றால்தான் குறுக்குக் கேபிள். எம்எஸ்-டாஸ் 6-இல் இன்டர்லிங்க் என்ற நிரல் இதற்காகவே உண்டு. 115,200 பிட் வேகத்தில் ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பியின் சரக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கும், 9,600 வேகத்தில் 25 நிமிடத்துக்கு மேல்.

பிரிட்டனின் பிபிசி மைக்ரோவில் ஈகோநெட் என்ற வலைக்கு 5 ஊசி டின் முனை. 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கணினியும் பிபிசி மைக்ரோதான், ஆகவே நம் ஊர்க் கிடங்குகளிலும் அது கண்ணில் படலாம். பழைய ஆடியோ கருவிகளிலும் இசைக் கருவிகளின் மிடி இணைப்பிலும் அதே டின் முனையைப் பார்க்கலாம். ஈகோநெட்டுக்குத் தகவலுக்கு ஒரு ஜோடி, கடிகாரத் துடிப்புக்கு ஒரு ஜோடி, தரை என்று ஐந்து கம்பியும் வேண்டும். பல ஆடியோ வடங்களில் ஐந்தும் இணைந்திருக்காது. சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் இன்னும் எளிமை: 1983-இன் இன்டர்ஃபேஸ் 1 இருந்தால் 3.5 மி.மீ. ஜாக் வைத்த ஆடியோ வடமே வலைக் கேபிள்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு என் தீர்ப்பைச் சொல்கிறேன். பிசிக்கு அட்டை தேடினால், பிஎன்சி, ஆர்ஜே-45, ஏயூஐ மூன்று வாயும் உள்ள ‘காம்போ’ அட்டையைத் தேடுங்கள். 3காம் நிறுவனத்தின் 3சி509-இல் அப்படியொரு வகை வந்தது. பிஎன்சி மட்டும் உள்ள கணினி கையில் இருந்தால், ஒரு பிஎன்சி வாயும் சில ஆர்ஜே-45 வாய்களும் உள்ள பழைய 10 மெகாபிட் ஹப் ஒன்று போதும், அந்தக் கணினி இன்றைய வலைக்கு வந்துவிடும். அந்த ஹப்பை இன்றைய சுவிட்ச்சில் சொருகும்போதுதான் ஒரு புதுச் சிக்கல் தலைகாட்டுகிறது. நொடிக்கு 2.5 கிகாபிட்டும் அதற்கு மேலும் ஓடும் புதிய சுவிட்ச்சுகள் சிலவற்றில் 10 மெகாபிட் வேகத்தையே எடுத்துவிட்டார்கள். ஆர்ஜே-45 முனை பொருந்தும், விளக்கு எரியாது. வீட்டில் பயனில்லாமல் கிடக்கும் பழைய 10/100 சுவிட்ச்சை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.